ஆமைக்கு மேல இருந்து மட்டும் சூடு காட்டாதீங்க

மலேசியாவுல கேமரன் மலை, எங்க ஊரு ரிங்லெட்ல நேத்து ராத்திரி பூரா மழை, விடிகாலை அஞ்சரைக்கு கதவைத் திறந்தா வாயில புகை வருது, வெளிய 17 டிகிரி. ஆமை வீட்டுக்குள்ள தெர்மாமீட்டர் பாத்தேன், 27. என் ஆமை முத்து கால் நாலையும் நீட்டிப் போட்டு தூங்குறான். இந்த நிம்மதி வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் இதே மலையில பிரிஞ்சாங்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, அண்ணே எங்க சுல்காத்தா ஆமை பெருசாயிடுச்சு, வெளிய வீடு கட்டப்போறேன், சூட்டுக்கு எத்தனை வாட் பல்பு போடணும்னு கேட்டாரு, அவருக்காகத்தான் இதை எழுதுறேன்.

தம்பி, குட்டியா இருந்தவரைக்கும் பல்பு சரி. இனிமே அது ஆகாது.

முத்துவை கைக்குள்ள அடங்குற சைஸ்ல வாங்கினேன், ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அம்மா ரெண்டு நாள் என்கூட பேசல. வளர்ந்ததும் பின்னாடி கோழிக்கூடு இருந்த இடத்துல எட்டடிக்கு நாலடி பலகை வீடு கட்டி, கடையில சொன்ன மாதிரியே மேல ரெண்டு செராமிக் ஹீட்டர் (வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் குடுக்கிற பல்பு) தொங்கவிட்டேன், ஒவ்வொண்ணும் 150 வாட். மேல மாட்டின தெர்மாமீட்டர் 30 காட்டுச்சு, நானும் நம்பிட்டேன்.

ஒரு நாள் காலையில மூக்குல குமிழி. மூச்சு விடும்போது மெல்லிசா ஒரு விசில் சத்தம். ஓட்டு மேல கைய வச்சா இப்பத்தான் இறக்கின இட்லிப்பானை மூடி மாதிரி சுடுது, அதே கைய வயித்துக்கு அடியில விட்டா ஈர சிமெண்டுத் தரை மாதிரி சில்லுன்னு இருக்கு. உச்சி ஓடு வெளுத்து காய்ஞ்சு போயிருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஈப்போவுக்கு தூக்கிட்டு போய் ஊசி போட்டு தேறி வர்றதுக்கு ஒரு மாசம்.

அப்புறம்தான் புரிஞ்சுது. ஆமை வளர வளர முதுகு ஹீட்டர்கிட்ட போயிடுது, அந்த சூடு விழுற வட்டமோ சின்னது, உடம்பு முழுக்க சூடு ஏறாததால ஆமை அங்கேயே கிடக்குது, அதுக்குள்ள முதுகு தீஞ்சு போகுது. இந்த ஆமைங்க ஊரு ஆப்பிரிக்கா, செனகல்ல இருந்து எத்தியோப்பியா வரைக்கும் சஹாரா ஓரமா வாழுற ஜாதி, அங்க வளை தோண்டி உள்ள போய் படுத்துக்கும். வளைக்குள்ள மேல கீழ பக்கம் எல்லாம் ஒரே கதகதப்பு, காத்துல ஈரமும் இருக்கும். நாம கட்ட வேண்டியது அந்த வளையைத்தான்.

அதனால மொதல்ல சூடு வெளிய போகாம அடைக்கணும், ஹீட்டர் பேச்செல்லாம் அப்புறம். சுவரு, கூரை, முக்கியமா தரை, எல்லாத்துலயும் ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவுல 5 சென்டிமீட்டர் ஃபோம் வச்சேன். உள்பக்க பலகை கண்டிப்பா வேணும், இல்லன்னா ஃபோமைக் கடிச்சு தின்னுடும். வாசலுக்கு, காய்கறி ஸ்டோர் குளிர் ரூம்ல தொங்குமே தடிச்ச பிளாஸ்டிக் பட்டை, அதுல பழசு நாலு கேட்டு வாங்கி தொங்கவிட்டேன், முத்து தலையால தள்ளிட்டு போய் வருவான்.

சூட்டுக்கு 700 வாட் ஆயில் ஹீட்டர் (உள்ள எண்ணெய் அடைச்சு, தரையில நிக்கிறது) ஒண்ணு, முன்னாடி கனமான மரத்தடுப்பு. தெர்மோஸ்டாட்டுன்னா சூடு ஏறினா கரண்டை நிறுத்தி, குறைஞ்சா மறுபடி விடுற கருவி, அதோட சூடு பாக்குற வயரை ஆமை முதுகு உயரத்துல, ஹீட்டருக்கு எட்டத்துல கட்டி 27ல வச்சிருக்கேன். அடைப்பு நல்லா இருக்கிறதால ராத்திரி மொத்தம் சேர்த்தா நாலு மணி நேரம் ஓடினா அதிகம், மூணு யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும். மூலையில ஒரு வாளித் தண்ணி, காத்து காயாம இருக்க.

ஹீட்டர் வாங்கும்போது திருகுற சுவிட்ச் உள்ளதா பாத்து வாங்குங்க. நான் மொத வாங்கினது பட்டன் அமுக்குற டிஜிட்டல் மாடல், அதுல தெர்மோஸ்டாட் ஒரு தடவை கரண்டை நிறுத்திட்டு மறுபடி விட்டா அது தானா எரியாது, ராத்திரி கரண்ட் போய் வந்தாலும் அதே கதைதான், நல்லவேளை மொத நாளே முழிச்சிருந்து பாத்ததால தப்பிச்சேன். எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டாதீங்க, தனி பிளக் பாயிண்ட், கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்துற டிரிப் சுவிட்சோட.

இப்ப அம்மா பசியாறுறதுக்கு முன்னாடி செம்பருத்தி இலை பறிச்சு வாசல்ல வச்சிட்டுத்தான் உக்காருறாங்க, வெயில் பின்வாசலுக்கு வந்ததும் பட்டையைத் தள்ளிட்டு ஒரு தலை எட்டிப் பாக்கும்.

பிரிஞ்சாங் தம்பி, நவம்பர் மழை கனக்கிறதுக்குள்ள கட்டி முடிச்சிடுங்க. ஃபோம் ரெண்டு ஷீட் மிச்சம் இருக்கு, காடி எடுத்துட்டு வந்தா ஏத்தி விடுறேன்.