கொப்பி மாற்றிப் பார்த்தவர்கள்

ஒக்டோபர் 4, 2023, புதன்

காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து, வகுப்பில் என் பக்கத்தில் இருந்த தோழியின் அழைப்பு. அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. "வெள்ளி ஆசிரியர் தினம். டீச்சரிடம் போவாய்தானே?" என்றாள். உலகத்துக்கு 5ஆம் திகதி, இலங்கைக்கு 6. இத்தனை வருஷமாகியும் அவள் நம்முடைய திகதியைத்தான் வைத்திருக்கிறாள்.

ஒக்டோபர் 5, வியாழன்

டீச்சரைப் பற்றி எழுதிவைக்க நெடுநாள் ஆசை. வெள்ளவத்தையில் எங்களுக்குக் கேத்திரகணிதம் படிப்பித்தவர். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம்: குத்தெதிர்க் கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள். விடை சரியாக வந்தாலும் காரணம் இல்லாவிட்டால் புள்ளி கிடையாது.

இது பல ஆசிரியர்கள் செய்வதுதான். எங்கள் டீச்சர் இன்னொன்றும் செய்தார். அவர் பார்க்குமுன் பக்கத்தில் இருப்பவள் கொப்பியைப் பார்த்து, கீழே தன் பெயரை எழுத வேண்டும். பிழை இருந்தால் இரண்டு பேரும் எழும்பி நிற்க வேண்டும். அதனால் ஒருத்தி எழுதியதை மற்றவள் உண்மையாகவே வாசித்தோம். நான் எங்கே அவசரப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் எங்கே ஊகித்து எழுதுவாள் என்று எனக்குத் தெரியும்.

2006இல் அவளுக்குக் கனடாவில் சம்பந்தம் பேசியபோது "காரணம் சொல்லடி" என்றேன். ரயில் பாதைக்கு அப்பால் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்து சொன்னாள். "அங்கே மேலே படிக்கலாம்" என்றது எனக்குப் போதவில்லை. யார் பணம் கட்டுவது என்று கேட்டேன். கோபிக்கவில்லை. அன்றிரவே மாப்பிள்ளையிடம் கேட்டு, மறுநாள் பதிலோடு வந்தாள்.

ஒக்டோபர் 6, வெள்ளி

மகளையும் கூட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் தெஹிவளை. டீச்சருக்கு முழங்கால் வலி, எழும்பவில்லை. குரல் மட்டும் அப்படியே.

மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். உயர்தரத்துக்கு என்ன பிரிவு என்று கேட்டார்.

"வர்த்தகம், டீச்சர்."

"ஏன் பிள்ளை?"

"அம்மா சொன்னா..."

"அம்மாவின் காரணம் அம்மாவுக்கு. உன்னுடையதைச் சொல்லு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, கணக்கீட்டில் ஐந்தொகை சமப்படும்போது சந்தோஷமாக இருக்கும் என்றாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. டீச்சர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நாங்கள் எத்தனை இரவு விழித்திருக்கிறோம்!

நாலரைக்கு வீடியோவில் ரொறன்ரோத் தோழியும் வந்தாள், வேலைக்குப் புறப்படும் அவசரத்தில். டீச்சர் முதலில் கேட்டது, "சாப்பிட்டாயா?" அப்புறம் இருவரும் கொஞ்சம் அழுதார்கள். நானும்தான்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

தோழி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்க்கும் தொழில் தொடங்கப் போகிறாளாம். காரணங்களை எழுதி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. வாடகை ஒப்பந்தம் அதற்கு இடம்கொடுக்கிறதா என்று பார்த்தாளா தெரியவில்லை. இரவு எட்டரைக்கு எடுத்துக் கேட்க வேண்டும். அங்கே காலை பதினொன்று, வீட்டில்தான் இருப்பாள்.