கிரவுன்ல பால் டீ

நம்ம பதினாலு வருச பொலீரோ கேம்பர், ஃபோர் வீல் டிரைவ், தாண்டிக்குடி காபித் தோட்டத்துக்கு உர மூட்டை ஏத்துற வண்டி. போன ஐப்பசி மழையில ஓடையில இறக்குனேன், முக்கா டயர் தண்ணி, ஜம்முனு ஏறிடுச்சு, ஒரு வாரம் கழிச்சு பின்னாடி ஊஊன்னு சத்தம், டிரைன் போல்ட்ட கழட்டுனா கிரவுன் (பின் ஆக்சில் நடுவுல இருக்குற பல்சக்கர செட்டு) ஆயில் பால் டீ மாதிரி ஊத்துது. "தண்ணி குடிச்சிருக்குண்ணே"ன்னார் மெக்கானிக். ஓடி சூடான கிரவுன் கூடு குளுந்த தண்ணில இறங்குனதும் உள்ள காத்து சுருங்கி பிரீதர்ங்கிற காத்துத் துவாரம் வழியா தண்ணிய உறிஞ்சிரும். இப்ப பிரீதர்ல ரப்பர் ஹோஸ் மாட்டி உசரத்துல கட்டியாச்சு, செலவு டீ பன்னு காசுதான்!

வண்டிய உசத்துற லிஃப்ட் கிட் போடுன்னு தம்பி நச்சரிக்கிறான், மஞ்ச போர்டு வண்டிடா, எஃப்சி ஃபிட்னஸ் செக்ல யாரு பதில் சொல்றது? ரோட்டுக்கும் சேத்துக்கும் ஆகுற ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் மட்டும் போட்டேன், அதே 15 இஞ்ச் ரிம்மு. சேத்துல 35லேர்ந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்குனா டயர் பரந்து நல்லா பிடிக்குது, தார் ரோடு வந்ததும் மறுபடி காத்தடிக்கணும், அதுக்கு சீட்டுக்கடியில சின்ன கம்ப்ரசர்.

அடுத்து பின் ப்ளேட் (லீஃப் ஸ்பிரிங்) செட்டு. திண்டுக்கல் பக்கம் நல்லா ப்ளேட் கட்டுற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்கப்பா.