எட்டுப் பேர், ஒரு கழிவறை, ஒரு மருமகள்

மாம்பழக் காலம் முடிந்துவிட்டால் எங்கள் கூழ் ஆலையில் கணக்குப் பிரிவுக்குப் பெரிய வேலை இருக்காது. மே மாதத்திலிருந்து ஜூலை வரை பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் வரிசை கட்டி நிற்கும். அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வருவதே குளித்துச் சட்டை மாற்றத்தான். ஆகஸ்டு பிறந்தால் ஆறு மணிக்கே வீடு. இந்த ஆண்டு அந்த மாலைகளையெல்லாம் ‘தி சிம்ஸ் 4’ விழுங்கிவிட்டது.

2014-இல் வந்த கணினி விளையாட்டு அது. 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை ஆட்டம் இலவசம் என்பதால்தான் என் பழைய மடிக்கணினிக்குள் வந்து சேர்ந்தது. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, வாழ வைக்க வேண்டும். வெற்றி தோல்வி என்று எதுவும் கிடையாது. அதனால் ஆடுகிறவர்கள் சும்மா கிடக்கிற சங்கை ஊதிப் பார்ப்பதுபோல் தாங்களே சவால்களைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அதில் பழைய சவால் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தில் அதிகபட்சம் எட்டுப் பேரை வைக்கலாம். அந்த எட்டுப் பேரையும் ஒரே வீட்டில் அடைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே நாம் கட்டளையிடலாம். மற்ற ஏழு பேரும் அவரவர் இஷ்டம். அந்த ஒருவரின் வாழ்நாள் ஆசை நிறைவேறினால் சவால் முடிந்தது.

தொடக்கப் பணம் முதல் ஆளுக்கு 20,000, கூடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் 2,000. ஆக, எட்டுப் பேருக்கு 34,000 சிமோலியன், அதுதான் ஆட்டத்தின் காசு. ஒரு வாய் கூடினால் செலவு எவ்வளவு கூடும் என்பது இந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியாதுபோல. ‘மதர்லோட்’ என்று தட்டினால் 50,000 வந்து விழும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. நான் தொடவில்லை. கணக்கு எழுதுகிறவன் அதைச் செய்யக் கூடாது.

ஆட்டத்தில் வரும் நியூகிரெஸ்ட் என்ற ஊரில் 20-க்கு 15 கட்ட மனை எடுத்தேன். இருப்பதிலேயே சிறியது. ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, நான்கு அடுக்குக் கட்டில்கள். பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு உறவுமுறைகளையே பெயராக வைத்துவிட்டேன். மாமனார் தனிமை விரும்பி, நாலு பேர் கூடினாலே முகம் இறுகிவிடும். மாமியார் சுத்தம் பார்க்கிறவர். மகன் அழுக்கன். பெரியப்பா பெருந்தீனிக்காரர். சித்தப்பா முன்கோபி. அத்தை சோம்பேறி. பெரியம்மாவுக்கு எப்போதும் ஏதோ ஒரு சோகம். நான் நடத்துவதற்கு எடுத்துக்கொண்டது மருமகளை. அவளுடைய ஆசை, பெரிய சமையல் நிபுணராவது. அந்தத் துறையில் முதல் உத்தியோகம் என்ன தெரியுமா? உதவிப் பாத்திரம் கழுவுநர். வீட்டில் எட்டுப் பேரின் தட்டுகளைக் கழுவிவிட்டு, வேலைக்குப் போய் அங்கேயும் கழுவினாள்.

முதல் மூன்று நாளும் கழிவறையிலேயே போயின. ஆட்டத்தில் ஒரு நிமிடம் என்பது நமக்கு ஒரு விநாடி. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நமக்கு இரண்டே நிமிடம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குடிவந்தவர்கள், ஒரே நேரத்தில் தூங்கினார்கள், ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பசி, உறக்கம், குளியல் என்று ஒவ்வொருவருக்கும் ஆறு தேவைகள், ஆறு பட்டைகள். காலையில் எல்லோருக்கும் ஒரே பட்டை சிவப்பாகிவிடும். பெரியப்பா குளித்துக்கொண்டிருக்க, அத்தை உள்ளே நுழைய, அவர் விரட்ட, அதற்குள் சித்தப்பா கூடத்தின் நடுவிலேயே நனைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். மருமகள் துடைப்பத்தோடு வந்தாள்.

அம்மா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “இந்த வீட்டைக் கட்டியது யார், கண்ணு?” என்றாள்.

“நான்தான்.”

“கக்கூசையும் குளிக்கிற இடத்தையும் எவனாவது ஒன்றாகக் கட்டுவானா? ஒருத்தர் குளித்தால் ஏழு பேர் வெளியில் நிற்பதா?”

அம்மா வாழ்க்கைப்பட்டது ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அங்கே பதின்மூன்று பேர். குளிக்கிற இடம் என்பது கிணற்றடியில் தென்னந்தட்டி மறைத்த ஒரு கல். கழிவறை அதற்கு முப்பதடி தள்ளி. நான் குறுக்கே ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தேன், இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. மறுநாள் காலையில் பாதிக் கூச்சல் அடங்கிவிட்டது.

அடுத்தது கைகழுவும் தொட்டி. இந்த ஆட்டத்தை ஆடிய எல்லோருக்கும் தெரிந்த கொடுமை இது. அடுப்படியில் தொட்டி இருந்தாலும், எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தொட்டிக்குத்தான் போவார்கள். அங்கே இருப்பவர் விரட்டுவார். தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குளியலறைத் தொட்டியை விற்றேன். அம்மாவின் அடுத்த அறிவுரைதான் எனக்குத் தோன்றவே தோன்றாதது.

“எட்டுப் பேருக்கு எட்டுப் படுக்கை எதற்கு? ஒரு கட்டிலை எடுத்துவிடு.”

“மீதி இரண்டு பேர் எங்கே படுப்பார்கள்?”

“யாராவது எழுந்தால் படுக்கட்டும். எல்லோரும் ஒன்றாகப் படுத்தால் ஒன்றாகத்தானே எழுவார்கள்? எங்கள் வீட்டில் நான் நாலு மணிக்கு, உன் பாட்டி நாலரைக்கு. அண்டாவில் வெந்நீர் கொதித்ததும் ஆண்கள். பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கடைசியில். தண்ணீர் பத்தாமல் போனதே இல்லை.”

ஓர் அடுக்குக் கட்டில் போயிற்று. இரண்டு நாட்கள் சோபாவில் சண்டை. அதன் பிறகு வீடே தானாக இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்துகொண்டது. ஆலை வாசலில் லாரிக்கு டோக்கன் கொடுக்கிற எனக்கு, இது ஏன் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. மாமனாரின் கட்டிலை வெளியே திண்ணைபோல் ஓரிடத்தில் போடச் சொன்னதும் அம்மாதான். என் ஆட்டத்தில் மழை பெய்யாது. மழை வேண்டுமென்றால் காசு கொடுத்துத் தனியாக ஒரு தொகுப்பு வாங்க வேண்டும். மழைக்கு வானம் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு அதை வேறு காசுக்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை. மனிதர் நட்சத்திரங்களின் கீழ் நிம்மதியாகத் தூங்கினார்.

சமையல் கதை வேறு. விருந்து அளவில் ஒரே தடவை செய்தால் எட்டுத் தட்டு வரும். களி கிண்டுவது மாதிரிதான், ஒரு பானை, ஒரு வேலை. மருமகள் செய்து மேசையில் வைப்பாள். ஆனால் பெரியப்பாவுக்கு அது பிடிக்காது, தனியாக முட்டை கிளறப் போவார். மலிவான அடுப்பு, தெரியாத சமையல். ஐந்தாம் நாள் தீப்பிடித்தது. வேறெந்த வேலைக்கும் எழாத அத்தை உட்பட ஏழு பேரும் ஓடிவந்து, தீயைச் சுற்றி நின்று கைகளை ஆட்டிக் கத்தினார்கள். வேலை முடிந்து அப்போதுதான் வாசலில் கால் வைத்த மருமகளை அனுப்பித் தீயை அணைத்தேன். அணைந்ததும் ஏழு பேரும் கலைந்துபோய் டிவி பார்த்தார்கள். கரிந்த இடத்தை அவள் துடைத்தாள்.

கீரை ஆய்வது நின்றுவிட்டது. “மற்றவர்களை ஒரு வேலை ஏவ முடியாதா?” என்றாள் அம்மா.

“முடியாது அம்மா. அதுதான் சவால். இவளை மட்டும்தான் ஏவலாம்.”

“இதில் சவால் என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுக் கீரைத்தண்டுகளை முறத்திலிருந்து தட்டினாள். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. வாரத்துக்கொரு முறை வரும் பில்லைக் கட்டாவிட்டால் முதலில் மின்சாரம், பிறகு தண்ணீர் நிறுத்தப்படும் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ விளக்கினேன்.

நேற்று இரவு ஆட்டத்தில் மணி பத்து. மருமகளின் உறக்கப் பட்டை அடிமட்டத்தில் இருந்தது. அதிசயமாக ஒரு படுக்கை காலியாக இருந்தது. ஆனால் மேசையிலும் தரையிலுமாகப் பதினொரு எச்சில் தட்டுகள், சிலவற்றிலிருந்து பச்சைப் புகை. கழுவாமல் விட்டால் காலையில் எல்லோருக்கும் மனநிலை கெடும், மாமியாருக்கு முதலில். தட்டுகள்மேல் சுட்டியைக் கொண்டுபோனேன்.

“அவளைப் படுக்க வை,” என்றாள் அம்மா.

“தட்டெல்லாம் நாறுகிறதே?”

“நாறட்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.”

படுக்க வைத்தேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுக்கும்வரை அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், நாங்கள் இருவரும் சாப்பிட்ட இரண்டு தட்டுகளையும் குழம்புச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.