பேரனுக்காகத் தாத்தா செய்த பொருத்தனை

பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், என்னுடையது அல்ல, என் கணவருடையது. நிறைவேற்ற அவர் இல்லை என்பதால் என் தலையில் விழுந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், போன மாதம் அது நிறைவேறியது.

எங்கள் மகளுக்கு நியூஜெர்சியில் இருபத்தாறாவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 820 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த பேரனை, பாளையங்கோட்டையில் இருந்தபடி செல்பேசித் திரையில்தான் பார்த்தோம். மூன்றாம் நாள் இரவு நிலைமை மோசமாகி, குருவானவரை அழைக்கவும் நேரமில்லாமல் போயிற்று. மகள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு நர்ஸ் அம்மா, ஊசிக்குழலில் இருந்து மூன்று சொட்டுத் தண்ணீரை அந்த நெற்றியில் விட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்.

செய்தி வந்தபோது இங்கே பொழுது இன்னும் விடியவில்லை. இவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஊசிக்கோபுரம் கோயிலுக்கு நடந்தார். கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நேர்ந்துகொண்டாராம்: "பிள்ளையைப் பிழைக்க வையும் ஆண்டவரே. என் கையாலேயே அவனைத் தூக்கிக்கொண்டு உம்முடைய பீடத்தண்டை வருவேன். ஒரு மாதப் பென்ஷன் முழுவதும் உமக்கு." பேரன் பிழைத்தான். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒவ்வொரு குழாயாகக் கழன்று, வீட்டுக்கு வந்தான். விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த இவர், லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு மத்தியானம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எந்தக் கோயில், எந்தப் பீடம் என்று சொல்லாமல் போய்விட்டார். பிள்ளைக்கு நுரையீரல் தேறும்வரை விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே செப்டம்பரில் நான் புறப்பட்டேன். பெட்டியில் முந்திரிக்கொத்து, இவர் தோளில் போடும் நேரியல் ஒன்று, 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்று அச்சடித்த நம் ஊர்க் கவர் ஒன்று.

மகள் போவது எப்பிஸ்கோப்பல் சபைக் கோயில், அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை அது. சிவப்புக் கதவு வைத்த சின்னக் கல் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தால் எழுபது தலை, அதில் ஐம்பது நரைத்தது. கோடையில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லையாம். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வேதபாட வகுப்பு எல்லாம் ஒன்றாக உயிர் பெறுகின்றன. நம் ஊரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த மாதிரி. முதல் ஞாயிறு பயந்துகொண்டே போனேன். குருவானவர் ஒரு அம்மா. அது எனக்குப் புதிது அல்ல, நம் தென்னிந்தியத் திருச்சபையிலும் 2013-இல் நந்தியாலில் ஒரு அம்மையார் பேராயரே ஆகிவிட்டார். ஆனால் அவர் இரண்டு கையையும் உயர்த்தி "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னதும், என் வாய் தானாகவே தமிழில் "கர்த்தரிடத்திற்கு உயர்த்துகிறோம்" என்றது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த நம் சபைக்கும் இவர்களுக்கும் இன்று முழு ஐக்கியம். அவர்கள் திருவிருந்துப் பந்தியில் நாமும், நம் பந்தியில் அவர்களும் உட்காரலாம்.

இருந்தும் என் மனம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய பொருத்தனையை இத்தனை சின்னக் கோயிலிலா முடிப்பது? நியூயார்க்கில் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயம் இருக்கிறது. 601 அடி நீளம். அங்கேதான் என்று பிடிவாதம் பிடித்தேன். அக்டோபர் முதல் ஞாயிறு அசிசியின் பிரான்சிஸ் நினைவாக அங்கே மிருகங்களை ஆசீர்வதிப்பார்கள், கூட்டம் தாங்காது அம்மா, என்று மகள் சொன்னாள். கூட்டம் நமக்கு என்ன புதிதா என்றேன். வாய்க்கொழுப்பு.

ரயிலைவிட்டு பென் ஸ்டேஷன் படியேறி வெளியே வந்ததுமே பிடித்துக்கொண்டார்கள், மாடி பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டும் டிக்கெட் விற்பவர்கள். நம் ஊர்த் தரகர்கள் தேவலை, ஒருமுறை முறைத்தால் போய்விடுவார்கள். இவர்கள் தள்ளுவண்டியோடு கூடவே நடந்து வருகிறார்கள். சுரங்க ரயிலோ அன்று பாதை வேலை என்று 96-ஆம் தெருவோடு நின்றுவிட்டது. அங்கிருந்து 112-ஆம் தெருவரை பதினாறு தெரு, பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு, கொட்டாங்கச்சியாய்த் தேய்ந்த என் முழங்காலோடு நடந்தேன். வரிசை கோயிலைச் சுற்றி வளைந்து கிடந்தது. என் முன்னால் எருமைக் கன்றுபோல ஒரு நாய். பின்னால் கூண்டில் கிளி. ஒரு பெண் செருப்புப் பெட்டிக்குள் ஆமை வைத்திருந்தாள். எல்லோரும் அவரவர் நாயோடு படம் எடுத்துக்கொள்வதற்காக வரிசையை நிறுத்துகிறார்கள். கைக்குழந்தைக்காரிக்கு ஒருவரும் வழிவிடவில்லை.

உள்ளே போனதும் வாயடைத்துப் போனேன். 1892-இல் தொடங்கிய கட்டடம், இன்னும் முடியவில்லை. நம் கிராமங்களில் கோபுரம் மட்டும் பாக்கி என்று இரண்டு தலைமுறை வரி பிரிப்பார்களே, அந்த நினைப்பு வந்து கொஞ்சம் சொந்தமாகத் தோன்றியது. ஆனால் ஆர்கன் முழங்க, நாய்கள் சேர்ந்து ஊளையிட, பேரன் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். நீலம் பாரித்துவிடுவானோ என்று மகள் வெளியே ஓடினாள், பின்னால் நான். திருவிருந்து முடியும்வரை தோட்டத்தில்தான் இருந்தோம். கவர் கைப்பையிலேயே கிடந்தது. இவ்வளவு தூரம் வந்தும் பீடத்தை எட்டவில்லையே என்று புல்தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

ஆராதனை முடிந்து குருமார் தோட்டத்துக்கு வந்து ஒவ்வொரு மிருகமாகக் கைவைத்து ஜெபித்தார்கள். எருமைக் கன்று நாய்க்கு ஆயிற்று, ஆமைக்கு ஆயிற்று. அடுத்து ஒரு இளைஞர், அங்கியில் நாய் மயிர் ஒட்டியிருக்க, என் மடியைப் பார்த்துக் குனிந்து, பேரன் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த பூனைக்குப் போய்விட்டார். மகளுக்குச் சிரிப்பு. எனக்கோ திருவிருந்துக்கு முன் நாம் சொல்லும் ஜெபம்தான் நினைவுக்கு வந்தது: உம்முடைய மேசையின் கீழ் விழும் துணிக்கைகளையும் பொறுக்கிக்கொள்ள நாங்கள் பாத்திரர் அல்ல. ஐம்பது வருஷமாக மனப்பாடமாகச் சொன்ன வரி. நாய்க்குட்டிகளோடு வரிசையில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

திரும்பி வந்ததும் சின்னக் கோயிலின் குருவானவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நர்ஸ் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பற்றி மகள் சொன்னபோது அவர் எழுந்து சிவப்பு அட்டை போட்ட ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவசரத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பிழைத்துக்கொண்டால், சபை கூடும் ஒரு ஆராதனையில் அதை அறிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாச் சடங்கும் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது, ஏனென்றால் அது ஏற்கெனவே ஆகிவிட்டது, என்று அதில் இருக்கிறது. சகல பரிசுத்தவான்கள் திருநாள் ஞானஸ்நானத்துக்கு உகந்த நாள், நவம்பர் முதல் ஞாயிறு கொண்டுவாருங்கள் என்றார். அன்று இறந்தவர்கள் பெயரையும் மணியடித்து வாசிப்போம், உங்கள் கணவர் பெயரையும் தாளில் எழுதிவிடுங்கள் என்றார்.

நடுவில் இருந்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை சபையார் எல்லோரும் கூடிக் கோயில் வளாகத்து மேப்பிள் சருகுகளை வாரினோம். அடுத்த வருஷம் எவ்வளவு காணிக்கை தருவீர்கள் என்று குடும்பத்துக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் வரவு செலவே போடுவார்களாம். அறுப்புக்கால விருந்தில் ஏலம் உண்டு என்றதும் எனக்கு ஒரே உற்சாகம். ஆனால் இவர்கள் ஏலத்தில் சத்தமே கிடையாது. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு தாள்; வேண்டியவர் வந்து தொகையை எழுதிவிட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்துவிடுகிறார். சபையார் கூடிச் சாப்பிடும் நம் அசனப் பண்டிகையில் ஒரு சேவலுக்கு இரண்டு சித்தப்பாக்கள் தொண்டை கிழியக் கத்துவார்களே, அந்த ருசி எங்கே! என் முந்திரிக்கொத்துத் தட்டு நாற்பது டாலருக்குப் போயிற்று.

நவம்பர் முதல் ஞாயிறு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் எல்லோரையும் விரட்டினேன். காரில் இருந்த கடிகாரமும் அதையே காட்டியது. போய்ப் பார்த்தால் கோயிலில் ஈ காக்கை இல்லை. முந்தின இரவு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். ஒவ்வொரு வருஷமும் இந்த ஞாயிறன்றுதானாம். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பீடத்தண்டை ஒரே ஒரு மூதாட்டி இருந்தார். எண்பதைத் தாண்டியவர், விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. பச்சைத் துணியை எடுத்துவிட்டு வெள்ளை போட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்கப் பொறுக்காமல் மறுமுனையைப் பிடித்தேன். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என ஐந்து சிலுவை வெள்ளை நூலிலேயே தைத்த நீளத் துணி அது. பிறகு பாத்திரம் துடைக்கும் சின்னத் துணிகள். மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக. நான் நாலாக மடித்ததைப் பேசாமல் பிரித்து மூன்றாக்கினார். அதெல்லாம் முடிந்ததும் பெயர்த் தாளை எடுத்து, இவர் பெயர்மேல் விரல் வைத்து, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். வாசிக்கப்போவது அவர்தானாம்.

இவர் பெயரின் நடுவே ஒரு 'ழ' உண்டு. தமிழாசிரியர் வேறு. எங்கள் பக்கத்து நாக்குக்கு 'ழ' வராது, ஊரே 'ள' என்றுதான் கூப்பிட்டது. சாகும்வரை அது இவருக்குக் குறை. நானோ எதுவும் போட்டுக் கூப்பிட்டதில்லை. கட்டியவர் பெயரைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் பாதிரி ஐயர் சொல்லச் சொல்ல ஒரே ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். மகள் பிள்ளையோடு வெளியே போயிருந்தாள். மூதாட்டி பென்சிலோடு காத்திருந்தார்.

சொன்னேன். நாக்கை மடித்து, இவர் வகுப்பில் சொல்லிக் கொடுப்பாரே அதுபோல. அவர் திருப்பிச் சொன்னார். அமெரிக்கர்கள் 'ர' சொல்லும்போது நாக்கு எங்கேயோ சுருண்டு போகிறதல்லவா, அது நம் 'ழ'வுக்குப் பக்கத்து வீடு போலிருக்கிறது. முதல் தடவையே வந்துவிட்டது. நான்தான் நம்பாமல் இன்னும் இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

ஆராதனையில் நாற்பத்துச் சொச்சம் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. இவர் பெயர் 'ழ'வோடு, ஒரு பிசிறில்லாமல், அந்தக் கல் சுவரில் பட்டுத் திரும்பியது. பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நேரியலில் சுற்றிப் பேரனைத் தூக்கிக்கொண்டு போனேன். முழங்கால் வலித்ததா, தெரியவில்லை. 820 கிராமாக இருந்தவன் இப்போது எட்டரைக் கிலோ, கை கடுத்தது, அந்தக் கடுப்புக்கே ஸ்தோத்திரம். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் இருந்தது, அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. குருவானவர் அம்மா எண்ணெய் தொட்டு, மூன்று சொட்டு விழுந்த அதே நெற்றியில் சிலுவை போட்டார். அவன் அழவில்லை, அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான். சபையார் எல்லோரும் உரக்க, தேவனுடைய வீட்டுக்குள் உன்னை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். காணிக்கைத் தட்டில் அவர்கள் கவர்களுக்கு நடுவே தமிழ் எழுத்துப் போட்ட என் கவர். யார் கணக்கில் வைக்க என்று பிற்பாடு பொருளாளர் கேட்டார், பெயர் வேண்டாம் என்றேன். பீடத்துக்கு முன்னுள்ள கிராதியண்டை முழங்கால் போட்டு அப்பத்தை வாங்கியபோது என் கையில் அவனும் இருந்தான், இவருடைய நேரியலும் இருந்தது. என் தேவனே, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று கேட்டவருக்கு எத்தனை கதவு திறந்தீர்! அந்த நர்ஸ் அம்மா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்த மூதாட்டியின் விரல் வீக்கம் வடியட்டும்.

இரவு பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். இவருடைய தங்கை எடுத்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணன் பெயரை அந்த வெள்ளைக்கார அம்மா எப்படி வாசித்தார் மதினி?" என்றாள்.

சொல்லிக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.