கச்சான் காற்றில் நான்கு கடும் பியர்கள்

பாரிஸில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது, பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி ஐந்து போத்தல் பெல்ஜியம் பியர் கொண்டுவந்தான். டுவல் ஒன்று, ஷிமே நீலம் இரண்டு, வெஸ்ட்மால் திரிப்பல் இரண்டு. நம் இலங்கையின் கறுப்பு பியர் லயன் ஸ்டவுட்டை நான் சேர்த்துக்கொண்டேன். அல்ககோல் அளவு டுவல் 8.5 சதவீதம், லயன் 8.8, ஷிமே 9, திரிப்பல் 9.5. நாலுமே கடும் சாமான்கள்.

முதல் நாள் திருகோணமலை உப்புவெளியில் கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. குளிரக் குடிக்கும் வழக்கமான லாகர் பியர் போல எல்லாவற்றிலும் ஒவ்வொரு போத்தலை ஐஸ் பெட்டியில் புதைத்துவிட்டு, கணவாய்ப் பொரியலோடு உட்கார்ந்தோம். ஸ்டவுட் வெறும் கசப்பு, ஷிமே வெறும் இனிப்பு. பொரியலின் உறைப்பு அல்ககோலோடு சேர்ந்து நாக்கை எரித்துவிட்டது. அன்றைக்கு எழுதிய குறிப்பு எதற்கும் உதவாது. மூன்று சின்னப் போத்தல்களையும் ஒரு திரிப்பலையும் அப்படி வீணாக்கியது இன்னும் மனதை உறுத்துகிறது.

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று அடுத்த முறை தயிருக்குப் பால் பார்க்க வாங்கிய வெப்பமானியை எடுத்தேன். புதிதாக வாங்கிய லயனை ஆளுக்குக் கால் கிளாஸ் ஊற்றி, 5 பாகையில் ஒரு மிடறு, பத்து நிமிடம் விட்டு ஒரு மிடறு, அப்புறம் இன்னொன்று. இடையில் தண்ணீரும் வெறும் பாணும் மட்டும்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நாளும் துடித்துக்கொண்டிருந்தேன். 5 பாகையில் கருகிய கசப்பைத் தவிர ஒன்றுமில்லை. 9 பாகையில் கோப்பி வாசம் மேலே வந்தது, வீட்டில் வறுத்து இடித்த கோப்பியின் வாசம். 13 பாகையில் பனங்கட்டி, பேரீச்சம்பழம், கடைசியில் கறுப்புச் சொக்லேட். பழுப்பு நுரை கிளாஸின் உள்பக்கம் பாலாடைபோல ஒட்டி, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம் விட்டுப் போனது. வாசத்தைத் தருகிற பொருட்கள் குளிரில் அவ்வளவாக ஆவியாகி மூக்குக்கு வருவதில்லை. அதுதான் காரணம். பியகமவில் காய்ச்சும் இந்த ஸ்டவுட்டை, பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் மனதாரப் பாராட்டியவர். ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

டுவல் ஒன்றுதான் என்பதால் மறுபடி சோதிக்க வழியில்லை. முதல் நாளே, குளிரிலும் ஓரளவு பேசிய பியர் அது. நுரை கிளாஸில் பாதிக்கு மேல் பொங்கியது. முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாடி விக்டரி ஏல் என்று பெயர் வைத்த பியர், பிறகு பிசாசு என்ற பொருளில் டுவல் ஆனது. மென்மையாக இறங்கிவிட்டுப் பிறகு தலைக்கேறுவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்.

மிஞ்சிய ஷிமேயை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும் பியர் இது. கொழும்பிலிருந்து வந்த வழியெல்லாம் குலுங்கி அடி மண்டி கலங்கியிருந்தது. 12 பாகையில், கடைசி விரல் அளவை விட்டு மெதுவாக ஊற்றினேன். முந்திரிகை வற்றல், கராம்பு. அந்தக் கராம்பு வாசம் ஈஸ்ட்டிலிருந்து வருவது, யாரும் போட்டதில்லை. பக்கத்து வீட்டு அண்ணை முகர்ந்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பனங்கட்டி போட்டவையோ?" என்று கேட்டார்.

திரிப்பலில்தான் தோற்றேன். மற்றப் போத்தலை அலுமாரியில், மேற்குச் சுவரோடு மூன்று வாரம் வைத்திருந்தேன். பின்னேர வெயில் நேரே அடிக்கிற சுவர். முதல் நாள் குளிரிலும் தெரிந்த எலுமிச்சைத் தோல் வாசம் இதில் இல்லை. நனைந்த காகித மட்டை வாசமும் சப்பையான இனிப்பும்தான். சூடு அதைக் கிழடாக்கிவிட்டது. நம்மூரில் வைப்பதற்கு பிரிட்ஜ், குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னம் வெளியே. திருகோணமலை வெயிலில் நெடுநேரம் விட்டால் 20 பாகையையும் தாண்டிவிடும்.

மச்சானிடம் அடுத்த முறைக்கு ஒரு டுவல் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை லயன் இரண்டு போத்தல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்கிறது. ஒன்றை இந்த மாதமும் மற்றதை ஆறு மாதம் கழித்தும் திறக்க எண்ணம்.