பூஜ்யம் டோஸ்

படிகப் பரப்பில் தண்ணீர் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சொன்னால் குழாயும் தொட்டியுமாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் என் நாளில் முக்கால்வாசி தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். பரிசோதனை நடக்கும் வெற்றிட சேம்பரை ஒருமுறை திறந்து மூடினால் போதும், எஃகுச் சுவர் முழுக்க ஈரம் ஒட்டிக்கொள்ளும். ஹீட்டிங் டேப் சுற்றி, அலுமினியத் தாள் போர்த்தி, 150 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் பேக் செய்தால்தான் அழுத்தம் மில்லிபாரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு இறங்கும். அந்த அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டினாலும், பரப்பை ஓர் அடுக்கு மூட மூன்று நான்கு மணி நேரமாகும். அதனால் நமக்கு நேரம் தாராளம் என்று சேர்ந்த புதிதில் நம்பினேன்.

என் சாம்பிள் டைட்டானியம் டையாக்சைடு படிகம், 110 என்று பெயரிட்ட வெட்டு முகம். 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் புற ஊதா ஒளி பட்ட டைட்டானியம் டையாக்சைடு மின்முனையால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தப் பொருளுக்கு மவுசு அதிகம். வாங்கும்போது படிகம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆர்கான் அயனியால் தட்டிச் சுத்தம் செய்து, வெற்றிடத்தில் சூடாக்கி, மறுபடி தட்டி, மறுபடி சூடாக்கினால் மெல்ல நீலம் ஏறும். ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று அர்த்தம். பரப்பில் ஆக்சிஜன் பிய்ந்துபோன குழிகளும் வந்துவிடும், நூறு இடத்துக்கு ஐந்திலிருந்து பத்து வரை. தண்ணீர் மூலக்கூறு அந்தக் குழியில் விழுந்தால் உடைந்து இரண்டு ஹைட்ராக்சில் (ஓ–எச்) ஆகிவிடும்.

எனக்குக் கொடுத்த வேலை, டோஸை, அதாவது உள்ளே விடும் தண்ணீரின் அளவை, ஏற்றிக்கொண்டே போய் எவ்வளவு உடைகிறது என்று அளப்பது. படிகத்தைக் குளிர்வித்து, தண்ணீர் ஆவியை விட்டு, பிறகு 350 கெல்வினுக்குச் சூடாக்குவேன். உடையாமல் ஒட்டியிருக்கும் முதலடுக்குத் தண்ணீர் 270 கெல்வின் வாக்கிலேயே பறந்துவிடும். ஹைட்ராக்சில் மட்டும் மிஞ்சும். அது போக 500 கெல்வின் வேண்டும். எலக்ட்ரான்களைப் பரப்பில் மோதவிட்டு, திரும்பி வரும்போது எவ்வளவு ஆற்றலை இழந்தன என்று பார்த்தால், 3690 அலை எண்ணருகே சின்னதாக, கூராக ஒரு பீக் நிற்கும். ஓ–எச் பிணைப்பின் அதிர்வு அது.

பீக் அழகாக வந்தது. சின்ன டோஸிலும் அதே உயரம், பத்து மடங்கு டோஸிலும் அதே உயரம். முதல் சொட்டிலேயே குழியெல்லாம் நிரம்பிவிட்டது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் பெருமையாக ஒரு டிக்கும் போட்டேன். மூன்று வாரத் தரவு.

சீனியர் அக்கா ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. “பூஜ்யம் டோஸ் போட்டுப் பாத்தியா?” என்றார். “தண்ணியே விடலைன்னா என்னக்கா வரும்?” என்றேன். “அதைத்தான் பாரேன்.”

பார்த்தேன். வால்வைத் தொடவே இல்லை. வழக்கம்போல வெற்றிடத்தில் சூடாக்கி (அனீல்), வழக்கம்போல முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். 3690-ல் அதே பீக், அதே உயரம். நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சேம்பரில் மிச்சமிருந்த தண்ணீரே வந்து குழிகளை நிரப்பியிருக்கிறது. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முழு அடுக்குக்குத்தான் மூன்று நான்கு மணி நேரம். நூறில் ஐந்து பத்து இடம் நிரம்ப அரை மணி நேரமே தாராளம். இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உபகரணம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, இருந்ததைத்தான் காட்டியது.

குழியில்லாத சமதளத்தில் தண்ணீர் உடையுமா, முழுசாக இருக்குமா என்று இந்தத் துறை பல வருடம் சண்டை போட்டதற்கு இப்படிப்பட்ட தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2017-ல் வந்த ஓர் அளவீடு, முழு மூலக்கூறாக இருப்பதே சாதகம் என்றது. வித்தியாசம் வெறும் 0.035 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் சலசலப்பே 0.025 இருக்கும். இவ்வளவு நூலிழையில் இருக்கும் விஷயத்தில் அழுக்குக் குழி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளிவிடும்.

அப்புறம் கன நீருக்கு மாறினேன். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்பதால் பீக் 2720 பக்கம் நகரும். நான் விட்ட தண்ணீர் எது, அழையாமல் வந்தது எது என்று பிரித்துவிடலாம். அதாவது, அப்படி நினைத்தேன். முதல் நாள், மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், கன நீரின் நிறையான 20-க்குப் பக்கத்தில் 19 உயரமாக நின்றது. குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்த சாதாரண தண்ணீர், போகிற வழியிலேயே ஒரு ஹைட்ரஜனை மாற்றி அனுப்பியிருக்கிறது. கன நீரைக் குழாயில் நிரப்புவது, ஊறவிடுவது, இழுத்துவிடுவது என்று திரும்பத் திரும்பச் செய்ததில் அந்த வாரம் போனது. நோட்டில் அந்த வாரத்துக்கு ஒரே வரி: “19 இன்னும் இருக்கிறது.”