ஃபோம் ப்ளேன் ப்ராஜெக்ட் பண்ணப் போறவங்களுக்கு: மொதல்ல ஒரு தராசு வாங்குங்க

மோட்டார் வச்சு ஃபோம்ல செஞ்ச குட்டி ப்ளேன் தான் எங்க ப்ராஜெக்ட், அதோட ரிசல்ட் வந்துருச்சு. நல்ல கிரேடு தான், ஆனா ரிப்போர்ட்ல மார்க்க கடிச்சு வச்சிருக்காங்க, கலர் கலரா சிமுலேஷன் படம் இல்லையாம். ப்ளேன பறக்க விட்டுக் காட்டுற ஃப்ளைட் ரவுண்டும், நேர்ல கேள்வி கேக்குற வைவாவும் தான் தூக்கி விட்டுச்சு. அந்தக் கடுப்பு இன்னும் ஆறல, அதனால சிமுலேஷன் பத்தி எங்கிட்ட நல்ல வார்த்தை எதிர்பாக்காதீங்க. நேரா வெயிட்டு விஷயத்துக்கு வரேன்.

எங்க ப்ளேன காப்பாத்துனது ஏர்ஃபாயிலும் (விங்கோட குறுக்குவெட்டு வடிவம்) இல்ல மோட்டாரும் இல்ல, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு. எந்த பீஸ வெட்டுனாலும் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா, ஒட்டுனப்புறம் ஒருக்கா வச்சு நோட்டுல எழுதிருவோம். நடுவுல கூடியிருக்குறது பூரா பசை. 11 மில்லிமீட்டர் தடிமன்ல 20 செ.மீ நீளத்துக்கு வர்ற ஹாட் க்ளூ குச்சி ஒன்னு கிட்டத்தட்ட 18 கிராம், அதாவது பாதி குச்சி உருகிப் போனா ஒரு 9 கிராம் சர்வோவ (ரடர் மாதிரி பாகத்த அசைக்கிற குட்டி மோட்டார்) சும்மா ஏத்திக்கிட்டுப் பறக்குறீங்கன்னு அர்த்தம். யாருமே இத கணக்குல எடுக்க மாட்டாங்க, மோட்டார்ல 5 கிராம் குறைக்க ரெண்டு நாள் தேடுவாங்க, அப்புறம் க்ளூ கன்ன எடுத்து தோசைக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி சுத்தி ஊத்துவாங்க. மெல்லிசா ஒரு கோடு விட்டு, பீஸ அழுத்திப் பிடிச்சு, பிதுங்கி வெளிய வர்றத ஆறுறதுக்குள்ள ஒரு துண்டு ஃபோமால வழிச்சு எடுத்துருங்க. வெளிய புடைச்சு நிக்கிற பசையால ஜாயிண்ட்டுக்கு பெரிய பலம் ஒன்னும் வராது, வெயிட்டு தான் வரும்.

சரி வெயிட்டு கூடுனா என்ன ஆகும்னு கேட்டா, வைவால சொல்ற மாதிரி நம்பரோட வச்சுக்கங்க. விங் ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ அகலம், ப்ளேன் 800 கிராம். விங் லோடிங், அதாவது விங் பரப்பு தாங்குற எடை, சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம். லிஃப்ட் கோஎஃபிஷியண்ட் (விங் எவ்ளோ நல்லா தூக்குதுன்னு காட்டுற எண்) அதிகபட்சம் 1னு வச்சா ஸ்டால் ஸ்பீடு, அதாவது இதுக்குக் கீழ போனா விங் தாங்காதுங்குற வேகம், செகண்டுக்கு 8 மீட்டர். அதே ப்ளேன் ஒரு கிலோ ஆச்சுன்னா 9 மீட்டர் கிட்ட போயிடும். ஒரு மீட்டர் தானேன்னு தோணும். ஆனா எடை கால் பங்கு கூடுது, வேகத்தோட வர்க்கமும் கால் பங்கு கூடுது, ரெண்டையும் பெருக்குனா அந்த வேகத்துல தரையில மோதுற எனர்ஜி ஒன்னரை மடங்குக்கும் மேல. ஃபோம் மூக்கு நசுங்குறது அங்க தான். இதுல 60 டிகிரி சாய்ச்சு திரும்புனீங்கன்னா விங் தூக்க வேண்டிய லோடு ரெண்டு மடங்கு, 800 கிராம் ப்ளேனுக்கே ஸ்டால் ஸ்பீடு 11.3க்கு ஏறிடும். லேண்டிங்குக்கு வரும்போது கடைசி திருப்பத்துல ஒரு பக்க விங் விழுந்து குத்துறத ஃபீல்டுல நிறைய பாத்திருப்பீங்க, பாதிக்கு பாதி இந்தக் கதை தான்.

இப்ப வால். இதுல நான் கொஞ்சம் வெறியன்னே வச்சுக்கங்க. சிஜில (ப்ளேனோட எடை சமமா நிக்கிற புள்ளி) இருந்து வால் 60 செ.மீ பின்னாடி, மூக்கு 20 செ.மீ முன்னாடின்னா, வால்ல 10 கிராம் கூடுனா பேலன்ஸ் பண்ண மூக்குல 30 கிராம் வைக்கணும், மொத்தம் 40 கிராம் போச்சு. எங்க டீம்ல ஒருத்தன் அழகா இருக்கும்னு ரடர் (வால்ல நிமிர்ந்து நின்னு ப்ளேன திருப்புற பலகை) பூரா கலர் டேப் சுத்தணும்னான், நான் தராச காட்டுனேன், ரெண்டு நாள் எங்கூட பேசல. பரவாயில்ல. வாலுக்கு சர்வோவ வால்லயே வைக்காதீங்க, நடுவுல வச்சு மெல்லிசு கம்பியில புஷ்ராட் (சர்வோ அசைவ வாலுக்குக் கொண்டு போற கம்பி) இழுங்க. அப்படியும் வால் கனமா இருந்தா மூக்குல வைக்க ஈயம் தேடுறதுக்கு முன்னாடி பேட்டரிய முன்னாடி தள்ளிப் பாருங்க, அதுக்கு இடம் விட்டே பாடிய வெட்டுங்க.

மெட்டீரியல் பத்தி சுருக்கமா:

- சாதா தெர்மாகோல் கனமீட்டருக்கு 15-20 கிலோ. லேசு, ஆனா உதிரும்.
- ஈபிபி (ரப்பர் மாதிரி வளையிற ஃபோம்) 20-30. மோதுனா உடையாம வளைஞ்சு திரும்பும், ஆனா தொளதொளன்னு இருக்கும், ஸ்பார் (விங்குக்குள்ள நீளமா போற தாங்கு குச்சி) இல்லாம விங்குக்கு ஆகாது.
- டெப்ரான்னு விக்கிற ஷீட் மாதிரி எக்ஸ்பிஎஸ் (நெருக்கமா அழுத்துன தெர்மாகோல் வகை) 30-40. விறைப்பு நல்லா இருக்கும். எனக்குப் பிடிச்சது இது தான்.
- பேப்பர் ஒட்டுன ஃபோம் போர்டுல பெரிய பங்கு வெயிட்டு பேப்பர்ல இருக்கு, ஆனா விறைப்பும் அங்க தான் இருக்கு. பாடிக்கு உள்பக்க பேப்பர மட்டும் உரிச்சா போதும். விங்ல கை வைக்காதீங்க.
- ஸ்பாரா வைக்கிற கார்பன் ட்யூப் விங் நுனி வரைக்கும் வேண்டாம், வளைவு விசை நடுவுல தான் அதிகம்.
- சாதா ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மாகோல், டெப்ரான் மாதிரி ஃபோம கரைச்சிடும், போடறதா இருந்தா வாட்டர் பேஸ். எங்க ப்ளேன் வெள்ளையா தான் பறந்துச்சு.

வைவால எங்கிட்ட கேட்டது, எடை கூடுனா க்ளைட் ரேஷியோ (மோட்டார் இல்லாம ஒரு மீட்டர் இறங்குறதுக்குள்ள எவ்ளோ தூரம் போகும்ங்குறது) குறையுமான்னு. நிறைய பேர் குறையும்னு சொல்லி மாட்டிக்கிறாங்க. மாறாது, அது லிஃப்ட்டுக்கும் (தூக்குற விசை) டிராகுக்கும் (காத்து இழுக்குற விசை) உள்ள விகிதம், எடை கூடுனா அதே கோணத்துல வேகமா இறங்கும், அவ்ளோ தான். அதனால தான் காத்து அடிக்கிற அன்னைக்கு கொஞ்சம் கனமான ப்ளேன் முன்னேறிப் போகும், ரொம்ப லேசானது எதிர்காத்துல அப்படியே நிக்கும். இன்னொன்னு, சைஸ டபுள் பண்ணா என்னன்னு கேப்பாங்க: தடிமனும் டபுள் ஆனா எடை 8 மடங்கு, விங் ஏரியா 4 மடங்கு தான், லோடிங் ரெண்டு மடங்கு. அதே தடிமன் ஷீட்டுல பெருசு பண்ணா ஃபோமோட லோடிங் மாறாது, ஆனா விங் வளையும், அப்ப ஸ்பார் வந்து நிக்கும்.

ரிப்போர்ட்ல எடை எழுதும்போது பேட்டரி, ப்ராப் (மோட்டார் விசிறி), வெல்க்ரோ எல்லாம் சேத்து பறக்கப் போற எடைய எழுதுங்க, இன்ஸ்பெக்‌ஷன்ல அவங்க தராசுல ஏத்திப் பாக்குறாங்க. பக்கத்து டீம் பேட்டரி இல்லாம எழுதிட்டு வந்து அங்க நின்னு விளக்கம் சொல்லிட்டு இருந்தாங்க.